‘ஒங்க மனசுபோல குடுங்க’ என்ற தரகர் மாமா

கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. எழுத்து வேலை பார்க்கும் கிராணி என் கையைப் பிடித்துக் காகிதத்தின் பக்கம் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துத்தான் சின்னையா மாமா தொண்டையைக் கனைத்தார்.

“மகளே, கொஞ்சம் வெளிய வந்துட்டுப் போ. ஒரு வார்த்தை பேசணும்.”

மலாக்கா டவுனில் ஒரு லாயர் ஆபீஸ். என் பேரில் இருந்த ரெண்டேகால் ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தை விற்கப் போயிருந்தோம். நிலத்தை வாங்குகிற சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாமா என்று நான் சொல்கிற சின்னையாதான் எங்களுக்குத் தரகர். மை விரல் சேலையில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதைக்கு வந்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பூண்டு வதக்கும் வாடை. என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

மாமா குடையைச் சுவரில் சாய்த்தார். கக்கத்தில் இருந்த தோல்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். என் நிலத்தின் கிராண்ட், அதாவது பட்டா, அந்தப் பைக்குள்தான் இருந்தது.

“என் கமிசன் அறுவது வெள்ளிம்மா. ரேகை வைக்கிறதுக்கு முந்தியே பேசிடறது நல்லது பாரு.”

நிலத்தின் விலையே முந்நூற்று முப்பது வெள்ளிதான். அதில் இவருக்கு அறுபது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. நான் வாயால் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிற மருமகள், “அத்தே, ரெத்தக் கொதிப்பு ஏறிடும், மெதுவா சொல்லுங்க” என்கிறாள். நான் சொல்கிற வசவுகளை அவள் எழுதுவதில்லை. ஆகவே வாசகர்கள் படிப்பது பாதிக் கதைதான்.

யார் வேண்டாம் என்றது?

இரண்டு வாரத்துக்கு முன் பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் தரகர்களைப் போகிறபோக்கில் நாலு வார்த்தை திட்டியிருந்தேன். சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். தரகும் ஒரு தொழில்தானே அம்மா, அலைந்து திரிந்துதானே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

சாப்பிடட்டும் ஐயா. யார் வேண்டாம் என்றது? கூலி இவ்வளவு என்று முதல்நாளே வாயைத் திறந்து சொல்லிவிட்டு அலையட்டும். மீன்காரன் ஒரு கட்டி எடைக்கு என்ன விலை என்று சொல்லிவிட்டுத்தான் மீனை வெட்டுகிறான். சவரம் செய்கிறவர் கூலியைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியைத் தீட்டுகிறார். நம் ஆட்களிடம் தரகர் மட்டும்தான் விலை சொல்லாமல் வீட்டுக்குள் வருவார். நாமும் கேட்கமாட்டோம். கேட்டால் நம் மரியாதை குறைந்துவிடுமாம்.

என் கோபத்தில் பாதி சின்னையா மாமா மேல். மீதிப் பாதி எங்கள் மேலேயே.

நகைக்குப் பதில் நிலம்

ரப்பர் நல்ல விலை போன காலத்தில் என் அப்பா செய்த ஒரே புத்திசாலித்தனம் அந்த நிலம். தோட்டத்தில் காட்டு வேலை பார்த்துச் சேர்த்த காசில், டுரியான் துங்காலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு துண்டு வாங்கி என் பேரில் எழுதினார். கல்யாணத்தில் என் கழுத்தில் தாலியைத் தவிர ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. கூடியிருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அப்பா ஒரு மஞ்சள் துணியில் கிராண்டைச் சுற்றி என் மடியில் வைத்தார்.

“நகைய அடகு வைப்பாங்க. இத அடகு வைக்கணும்னா டவுனுக்குப் போவணும். ஒம் புருசன் சோம்பேறி, போவமாட்டான்” என்றார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நல்ல மனிதர்தான். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிறவர். அப்படி நினைக்கிற ஆளோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

அந்த மரங்களை நாங்களே சீவினோம். விடியும் முன்னே நான் ஒரு நிரை, அவர் ஒரு நிரை. பால் உறையும் புளித்த வாடை என் தலைமுடியில் எப்போதும் இருக்கும். பிறகு ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்றால் சாதாரணமாக இல்லை. பாலை உறையவைத்துத் தகடு தகடாக உருட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. மரங்களை அப்படியே விட்டோம். அவருக்கு ரோட்டு வேலை, அதுவும் வாரத்தில் மூன்று நாள். நான் நாலு ஆடு வைத்திருந்தேன்.

அந்த நிலத்தை விற்க எனக்கு மனம் இருந்ததே இல்லை. என் தங்கை பாக்கியத்துக்காக விற்றேன்.

லூபோக் சீனாவில் ஒரு பட்டியல்

பாக்கியமும் அவள் புருஷன் கோவிந்தனும் லூபோக் சீனாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள். விலை விழுந்ததும் அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு, ‘ஊருக்கு’ அனுப்பப் பட்டியல் போட்டார்கள். ‘ஊர்’ என்றால் எது? பாக்கியம் பிறந்தது இங்கே, லயத்து வீட்டில். அப்பாவின் கிராமத்துப் பேரைத் தவிர அவளுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. அங்கே எங்களுக்கென்று யாரும் மிஞ்சியிருக்கவும் இல்லை. கையில் காசில்லாமல் இரண்டு பிள்ளைகளோடு அங்கே போய் யார் வாசலில் நிற்பாள்?

ஒரே ஒரு வழி இருந்தது. சொந்தமாகப் பிழைப்பு இருக்கிறது என்று காட்டினால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள் என்று அந்தத் தோட்டத்துக் கிராணி சொன்னார். கோவிந்தனுக்கு மாட்டு வண்டி ஓட்டத் தெரியும். அலோர் காஜாவில் ஒருவர் ஒரு ஜோடி மாட்டையும் வண்டியையும் விற்கப் பார்த்தார். முந்நூறு வெள்ளி. ஒரு காசு குறைக்க மாட்டேன் என்றுவிட்டார். பின்னால் வேறு ஆள் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்து பட்டியலில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு போகும். லாயர் ஆபீசில் நான் மை விரலோடு நின்றது அதற்கு முந்திய புதன்கிழமை.

முந்நூற்று முப்பதில் அறுபது போனால் இருநூற்று எழுபது. வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் பாக்கியம் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

ரசம் ஊற்றினேன், கிராண்டும் கொடுத்தேன்

சின்னையா மாமா எங்களுக்கு எந்த வகையிலும் உறவு இல்லை. டுரியான் துங்காலில் எல்லோருக்கும் அவர் மாமாதான். வெள்ளை வேட்டி, காது மடலில் எப்போதும் ஒரு சுருட்டு. நிலம் விற்கணும் என்று என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் சொன்ன மறுநாளே மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார். அப்படி வருகிறவரைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க முடியுமா? இலை போட்டேன். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். வந்த ஒவ்வொரு முறையும் சாப்பிட்டார்.

முதல்நாளே நான் கேட்க நினைத்தேன். “மாமா, ஒங்களுக்கு நாங்க என்னா குடுக்கணும்?” என்று ஆரம்பித்ததுமே என் வீட்டுக்காரர் கண்ணாலேயே அடக்கினார்.

மாமா கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். “ஏம் மகளே, ஒங்கிட்டப் போயி நான் கமிசன் பேசுவேனா? நீ எனக்கு மக மாதிரி. ஒங்க மனசுபோல குடுங்க.”

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “மாமா மாமான்னு கூப்புட்டுட்டு, அவருகிட்டப் போயி கூலி பேசுவியா? என்னா நெனப்பாரு?”

நானும் யோக்கியம் இல்லை. அடுத்த முறை வெற்றிலைத் தட்டை நீட்டும்போது, “ஒங்களுக்குக் கொற வைக்கமாட்டோம் மாமா” என்று நானே வாயைக் கொடுத்தேன். பெரிய மனுஷி மாதிரி பேசிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அந்தத் தட்டிலேயே மஞ்சள் துணியோடு கிராண்டையும் வைத்துக் கொடுத்தேன். வாங்குகிறவரிடம் காட்ட வேண்டும் என்றார். துண்டுச் சீட்டு எழுதி வாங்கவில்லை. மாமாவிடம் போய்ச் சீட்டு கேட்பதா?

பாக்கியத்தின் கதையையும் நான்தான் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டே, பட்டியல், லாரி, வெள்ளிக்கிழமை, வண்டி விலை, ஒன்று விடாமல் அத்தனையும் சொன்னேன். “அடப்பாவமே” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரே பாட்டுத்தான். “தவுக்கே இழுக்கிறாரும்மா. நான் விடுவேனா? பேசிக்கிட்டேதான் இருக்கேன்.”

மை காய்கிறது

அஞ்சடிக்குத் திரும்புவோம்.

“மாமா, அறுவது வெள்ளி எடுத்தா வண்டி வாங்க முடியாது. ஒங்களுக்குத் தெரியுமே” என்றேன்.  

“தெரியும்மா. அதுக்கு நான் என்னா பண்றது? ரெண்டு மாசமா வெயில்ல அலைஞ்சிருக்கேன்.”

“மனசுபோல குடுங்கன்னீங்களே.”

“மனசுன்னா அதுக்கு ஒரு அளவு வேணாமா? கொற வைக்கமாட்டேன்னு நீதானே சொன்ன? சரி, முடியாதுன்னா விடு. அடுத்த மாசம் பேசிக்கலாம். கிராண்டு எங்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு.”

அடுத்த மாசம். நான் அவர் இலையில் சோறு போட்டுச் சொன்ன வெள்ளிக்கிழமையை எடுத்து என் கழுத்திலேயே வைக்கிறார்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “குடுத்துரு அஞ்சலை. பாக்கிக்கி எங்கயாச்சும் கடன் கேட்டுப் பாப்போம். நம்ம மாமாதான” என்றார்.

நம்ம மாமா. அந்த ஆள் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம் பெரிது. ரப்பர் விலை போன போக்கில் முப்பது வெள்ளி கடன் கொடுக்க அப்போது யார் இருந்தார்கள்? இரண்டு நாளில் யார் கொடுப்பார்கள்? இதையெல்லாம் அங்கே கத்திச் சொல்லியிருப்பேன். அதற்கு நேரமில்லை. திரும்பி ஆபீசுக்குள் போனேன்.

தவுக்கேயின் காகிதம்

தவுக்கே காப்பியை முடித்திருந்தார். எனக்குச் சந்தைக்குப் போய்வருகிற அளவுக்கு மலாய் தெரியும். தரகருக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கிராணியிடம் நீட்டினார். கிராணி நம் ஆள்தான். தமிழில் படித்துச் சொன்னார்.

தவுக்கேயிடமிருந்து சின்னையா இருபது வெள்ளி தரகு வாங்கியிருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் நிலம் கைமாறவில்லை என்றால் அந்த இருபதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீழே சின்னையாவின் கையெழுத்து.

“தேதி என்னா போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

கிராணி தேதியைச் சொன்னார். நாலு வாரத்துக்கு முந்தியது. அன்றைக்கே பணம் தயாராக இருந்தது, நிலத்தை விற்கிற அம்மாதான் இழுக்கிறார் என்று சாமி சொன்னார் என்றார் தவுக்கே. மாமாவை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாலு வாரம். நாலு வாரத்துக்கு முன்னே வண்டி வாங்கியிருக்கலாம். பாக்கியம் நாலு வாரமாகச் சட்டி பானையை மூட்டை கட்டுவதும் பிரிப்பதுமாகக் கிடந்தாள். பெரிய பிள்ளை, கப்பல் எப்படி இருக்கும் பெரியம்மா என்று என்னிடம் கேட்டான். அத்தனையும் எதற்கு? வெள்ளிக்கிழமை எங்கள் கழுத்தை நெரிக்கிற வரைக்கும் இந்த ஆள் காத்திருப்பதற்கு.

அந்தத் தவுக்கேயைப் பாருங்கள். முதல்நாளே கூலி பேசினார், எழுதி வாங்கினார், பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. மாமா என்று கூப்பிட்ட நாங்கள்தான் தெருவில் நின்றோம்.

அன்றைக்குப் புதன்கிழமை. மாதம் முடிய இன்னும் இரண்டே நாள்.

வெளியே வந்தேன். “சரி. நீங்க சொன்ன மாதிரியே ஆகட்டும். அடுத்த மாசம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அஞ்சடித் தூணுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “பைத்தியமா ஒனக்கு? பாக்கியத்த நெனச்சிப் பாரு.”

வேறு யாரை நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேனாம்?  இந்த ஆள் போம்மா என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டால் என் தங்கையை நானே கப்பல் ஏற்றியதாக ஆகும். விரலில் மை காய்ந்து தோலை இழுத்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தால் பயம் தெரிந்துவிடும்.

மாமா காதிலிருந்து சுருட்டை எடுத்தார். பற்றவைக்கவில்லை. திரும்பவும் காதில் வைத்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடையில் பூண்டு வதக்கி முடித்து மீன் பொரிக்க ஆரம்பித்திருந்தார்கள். தவுக்கே தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். இன்றைக்கு இல்லை என்றால் தான் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு மாமாவின் முன்னால் கையை நீட்டினார்.

“சாமி, டுவிட் பாலிக்.”

பணத்தைத் திருப்பு என்று அர்த்தம். அந்த இருபது வெள்ளி மாமாவிடம் எங்கே இருக்கிறது? என்றைக்கோ செலவாகியிருக்கும்.

ஆறு வெள்ளி அறுபது காசு

“என்னா மகளே நீ, சின்ன விசயத்துக்குப் போயி தரையில குந்திக்கிட்டு” என்று மாமா என் பக்கம் குனிந்தார். “நான் சும்மா கேட்டுப் பாத்தேன். சரி, ஒன் மனசுபோலவே குடு, போ.”

எழுந்து நின்றேன்.

“மனசெல்லாம் நீங்க எங்க வீட்டுல சாப்புட்டப்ப இருந்திச்சி. இப்ப கூலி பேசுவோம். ஊர் வழக்கம் நூத்துக்கு எவ்வளவு, தரகரே?”

அதுவரைக்கும் நான் அவரைத் தரகரே என்று கூப்பிட்டதில்லை. அந்த ஊரில் யாருமே கூப்பிட்டதில்லை என்று நினைக்கிறேன். அறுபது வெள்ளி கேட்டபோது கூசாத முகம் அந்த ஒரு வார்த்தைக்குக் கூசியது.

“ரெண்டு” என்றார், வாய்க்குள்ளேயே.

“முந்நூத்தி முப்பதுக்கு ஆறு வெள்ளி அறுவது காசு. கிராண்ட எடுத்து மொதல்ல மேசையில வைங்க.”

வைத்தார். மஞ்சள் துணி இல்லை. அதை என்ன செய்தாரோ தெரியாது. கிராணி என் விரலைத் துடைத்துத் திரும்பவும் மை தடவினார். ரேகை வைத்தேன். பணத்தை எண்ணி வாங்கினேன். ஆறு வெள்ளி அறுபது காசை மாமா கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன். வெற்றிலை வைக்கவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவருக்கென்று என் முந்தானையில் பதினைந்து வெள்ளி முடிந்து வைத்திருந்தேன். ஆட்டை விற்ற காசு. அதுதான் என் மனசு. அதைக் கடைசிவரை அவிழ்க்கவே இல்லை.

மறுநாள் அலோர் காஜாவில் வண்டி வாங்கினோம். கோவிந்தன் அதை ஓட்டிக்கொண்டு லூபோக் சீனாவுக்குப் போய்த் தோட்டத்து ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தினான். பட்டியலில் அவர்கள் நாலு பேரின் பெயரையும் அடித்தார்கள். வெள்ளிக்கிழமை வந்த லாரி அவர்கள் இல்லாமல் போனது. பாக்கியம் அந்த மாடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாளாம்.

அந்தப் புதன்கிழமை மலாக்காவிலிருந்து பஸ்ஸில்தான் திரும்பினோம். டுரியான் துங்காலில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

“ஒரு பெரிய மனுசன அஞ்சடியில வச்சி அசிங்கப்படுத்திட்டியே. நடந்தது நடந்திருச்சி. யாருகிட்டயும் சொல்லாத. பாக்கியத்துக்கிட்டகூட சொல்லாத. மாமா மானம் போயிரும்.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?  தங்கை பிழைத்தாள், போதும் என்று இருந்திருக்கும். நம் வீட்டுக்குள் புகுந்து நம்மையே தின்னப் பார்த்தவனுடைய மானத்தை நான் மூடி வைத்தேன்.

பாக்கியம் கொண்டுவந்த செய்தி

சில வருஷம் போயிற்று. ரப்பர் கொஞ்சம் தலை எடுத்தது. வண்டி ஓட்டிச் சேர்த்த காசில் பாக்கியமும் கோவிந்தனும் லூபோக் சீனாவில் ஒரு சின்ன மனை வாங்கிப் பலகை வீடு கட்டியிருந்தார்கள். கோவிந்தனுக்கு ஒரு பழைய லாரி வாங்க ஆசை. மனையை விற்றால் வாங்கலாம். அது நல்ல யோசனை என்று நான்தான் சொன்னேன்.

ஒருநாள் காலையில் இரண்டு பேரும் அதே வண்டியில் வந்து என் வாசலில் இறங்கினார்கள். கோவிந்தன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனான். பாக்கியத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, வீட்டுக்கு ஆள் கெடச்சாச்சி. சின்னையா மாமாதான் பாத்துக் குடுத்தாரு. பாவம், இந்த வயசுலயும் நமக்காக லூபோக் சீனாவுக்கும் மலாக்காவுக்கும் அலையறாரு. வாரத்துக்கு ரெண்டு தடவ வந்துருவாரு. அவருக்கு என் ரசம்னா உசுருக்கா.”

கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

“கமிசன் எவ்வளவு பேசினே?”

“பேசலக்கா. எப்புடிக்கா பேசுறது? மாமாவாச்சே. ஒங்க மனசுபோல குடுங்கன்னுட்டாரு. அவரு மனசு யாருக்கு வரும்?”

“கிராண்டு எங்க?”

“அவருகிட்டதான் இருக்கு.”

அவளை அறையத்தான் கை வந்தது. அறைய வேண்டியது அவளை இல்லையே. அவளுக்கு யார் சொன்னது? நான் சொன்னேனா? வாயை மூடிக்கொண்டு இத்தனை வருஷம் அந்த ஆளைப் பெரிய மனுஷனாக நடமாட விட்டது நான்தானே. கூடத்தில் என் வீட்டுக்காரர் செருமினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இந்த முறை கண்ணைக் காட்டவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்துப்போட்டேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். வாசலுக்கு வந்து, தொட்டியோரம் நின்ற கோவிந்தனைப் பார்த்து, “தரகர் வீட்டுக்கு வண்டியப் பூட்டு” என்றேன்.